மனையும் படப்பையும்: வீட்டுத் தோட்டம் நம் வாசலுக்கு வந்த வரலாறு

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும் நாட்களில் அவிநாசி வட்டாரத்தில் நம் மக்கள் வாழும் குடியிருப்புகளுக்குள் நுழைவோர் கண்ணில் முதலில் படுவது பச்சை நிறமே. ஓட்டு வீட்டின் கூரைமேல் சுரைக்கொடி ஏறிக் காய்களைத் தொங்கவிட்டிருக்கும். வேலியோரத்தில் அவரை சரஞ்சரமாய்க் காய்த்துக் கிடக்கும். சலதாரை நீர் சென்று தேங்கும் இடத்தில் ஒரு வாழை குலை தள்ளியிருக்கும். அதனடியில் சேம்பு அகல இலை விரித்திருக்கும். குப்பைக் குழியருகே யாரும் விதைக்காமல் முளைத்த அரசாணிக்கொடி அடுத்த வீட்டு எல்லைவரை ஓடிக் காய்த்திருக்கும். கறிவேப்பிலை, கொய்யா, பப்பாளி, சுண்டை, கத்தரி, மிளகாய், இவற்றுக்கிடையே துளசி, தூதுவளை, பிரண்டை என மருந்துச் செடிகளும் இடம் பிடித்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக முருங்கை நிற்கும். காய் மிகுதியாகிவிட்டால் அவற்றை மடியில் ஏந்தி, "இந்தா அம்மிணி, குழம்புக்கு ஆகும்" என்று அடுத்த வீட்டில் கொடுத்துவரும் ஆயாக்களை இன்றும் காணலாம். அந்த வாரங்களில் சந்தைக்குப் போகிறவர்கள் உப்பும் வெங்காயமும் பருப்பும் மட்டுமே வாங்கித் திரும்புவர்.

இந்தப் பசுமை நம் தெருக்களில் எத்தனை காலமாக இருக்கிறது என்று இளைஞர்களிடம் கேட்டால், எப்போதும் இருந்ததுதானே என்றே விடை வரும். நம் மக்களின் குடியிருப்புகளில் மிகப் பலவற்றில் இதன் வயது ஐம்பது ஆண்டுகளை ஒட்டியதே ஆகும். விதை நம்மிடம் எந்நாளும் இருந்தது. பயிர் செய்யும் கை நம்முடையதே. கால் ஊன்றிய மண் மட்டும் பிறருடையதாக இருந்தது. அந்த மண் எவ்வாறு, எந்த எந்த ஆண்டுகளில், எத்தனை சிறு சிறு துண்டுகளாக நம் கைக்கு வந்தது என்பதை நம் சங்கத்தின் இவ்வெள்ளி விழா மலரில் எழுதி வைப்பது பொருத்தமென்று கருதுகின்றேன்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். கொங்கு நாட்டில் மழையை மட்டும் நம்பும் நிலம் 'காடு'. கிணற்றுப் பாசனம் பெற்ற நிலம் 'தோட்டம்'. ஆறும் வாய்க்காலும் பாயும் நிலம் 'வயல்'. ஆகவே நம் வட்டாரத்தில் ஒருவன் தனக்குத் தோட்டம் இருக்கிறது என்று சொன்னால், அவனுக்குக் கிணறு இருக்கிறது என்றும் பொருள்படும். வீட்டின் பின்புறம் காய்கறி போடும் சிறு இடத்துக்கு வேறு பெயர் உண்டு. அதைப் 'பொடக்காளி' என்போம். நூல்வழக்கில் புழக்கடை; அதனினும் பழைய சொல் படப்பை. பல்லவர் காலத்துச் செப்பேடுகளில் பிராமணர்களுக்கு ஊர்களைத் தானமாக வழங்கியபோது 'மனையும் மனைப்படப்பையும்' என்று சேர்த்தே எழுதினர். வீடு இருக்கும் இடம் மனை. அதை அடுத்துக் காய்கனி விளையும் இடம் மனைப்படப்பை. படப்பை இல்லாத மனை முழுமையான மனையாகாது என்பதை ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆவணம் எழுதியோர் அறிந்திருந்தனர்.

சேரியைப் பற்றி ஆவணங்கள் என்ன கூறுகின்றன? 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஊர்களின் வருவாயை ஒதுக்கியபோது, ஒவ்வோர் ஊரிலும் வரி விதிக்கப்படாத நிலங்களைத் தனியே கழித்துக் காட்டினான். அப்பட்டியலில் ஊர்நத்தம் வருகிறது; கோயில்கள், குளங்கள், வாய்க்கால்கள் வருகின்றன; கம்மாணச்சேரியும் பறைச்சேரியும் வருகின்றன; சுடுகாடும் வருகிறது. நம் முன்னோர் அன்றே தனித்து வைக்கப்பட்டிருந்தனர் என்பதற்கு இக்கல்வெட்டு அசைக்க இயலாத சான்று. வரியில்லாத நிலம் என்பதைச் சலுகையென எண்ணிவிடக் கூடாது. குடியிருக்கும் இடம் விளைச்சல் தராத நிலமாகவே கணக்கில் ஏறியது என்பதே அதன் பொருள். ஆயினும் கல்லில் வெட்டியவர்கள் அறியாமலே நமக்கு ஓர் உதவியைச் செய்து போயிருக்கின்றனர். நாம் எங்கிருந்தோ வந்து ஒதுங்கியவர்கள் அல்லர், ஊர் அளக்கப்பட்ட அன்றே ஊரின் எல்லைக்குள் இருந்தவர்கள் என்பது அதனால் உறுதிப்படுகிறது.

கொங்கு நாட்டின் தோட்டங்களுக்கும் நம் மக்களுக்கும் உள்ள தொடர்பு இன்னும் நெருக்கமானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் உள்ள அவிநாசிக்குத் தென்மேற்குப் பருவமழை பெரிதாக உதவுவதில்லை. இங்கே பசுமை என்பது கிணற்றிலிருந்து இறைத்த நீரால் உண்டாக்கப்பட்ட பசுமை. மின்சாரம் வருவதற்கு முன் அந்நீரை மேலே கொண்டுவந்தது கவலை. இரு எருதுகள் சரிவான வாரியில் கீழ்நோக்கி நடக்க, வடக்கயிறு உருளைமேல் ஓட, கிணற்றின் ஆழத்திலிருந்து பறி மேலே வரும். பறியின் அடியில் தோலால் ஆன நீண்ட வால் பொருத்தப்பட்டிருக்கும். வால்கயிறு அதை மடக்கிப் பிடித்திருக்கும்வரை நீர் சிந்தாது. பறி கிணற்று மேட்டை அடைந்ததும் வால் தொட்டிக்குள் தாழ்ந்து, நீர் தானே கொட்டி வாய்க்காலில் ஓடும். எருதுகள் பின்னோக்கி நடந்து வாரியின் தலைக்கு வரும்போது பறி மீண்டும் கீழே இறங்கும். விடியற்காலம் தொடங்கி வெயில் ஏறும்வரை இது நடைபெறும்.

இந்தப் பறியையும் வாலையும் செய்து கொடுத்தவர்கள் யார்? நம் பாட்டன்மார். இறந்த மாட்டின் தோலை உரித்து, சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் நீக்கி, ஆவாரம்பட்டை ஊறிய நீரில் பல நாள் கிடத்திப் பதப்படுத்தி, வெட்டித் தைத்து, நீர் கசியாத பாத்திரமாக ஆக்கித் தந்தனர். தோல் பிய்ந்தால் அன்றே தைத்துத் தர வேண்டும். ஒரு நாள் இறைப்பு நின்றால் பயிர் வாடும். இதற்குக் கூலி ஆண்டுக்கு ஒருமுறை களத்துமேட்டில் அளக்கப்படும் தானம்போன்ற தானியமே. இத்தனை அறிவும் உழைப்பும் வேண்டிய ஒரு தொழில் இழிதொழில் எனப்பட்டது. ஆனால் அத்தொழில் செய்த கையால் தைத்த தோலில் ஏறி வந்த நீர் எல்லார்க்கும் தூய நீராகவே இருந்தது. அந்நீரில் விளைந்த கத்தரியும் மிளகாயும் எவர் வீட்டுச் சமையலறைக்கும் தடையின்றிச் சென்றன. தோல் செய்தவன் மட்டும் அதே கிணற்றில் தன் கையால் ஒரு குடம் மொள்ள முடியாதிருந்தது. இதை வகுப்பில் எடுத்துரைக்கும்போது மாணவர்கள் வியப்படைகின்றனர். வியப்பு அடையும் தலைமுறை வந்துவிட்டது என்பதே ஒரு முன்னேற்றந்தான்.

1932ஆம் ஆண்டு பைக்காரா நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கியது. அதனைத் தொடர்ந்து கோயம்புத்தூர் மாவட்டத்தில் மின்சாரம் ஆலைகளுக்கும், பின்னர்க் கிணறுகளுக்கும் வந்தது. பம்புசெட்டு பெருகப் பெருகக் கவலை ஓய்ந்தது. மாட்டுக்கு ஓய்வு கிடைத்தது. பறி தைத்தவர்களுக்கு வேலை போயிற்று. இயந்திரம் வந்து தொழில் இழந்தவர் என்று நெசவாளரைப் பற்றி எழுதுவோர் பலர் உள்ளனர். பறி தைத்தவர்களைப் பற்றி எழுதியோர் மிகக் குறைவு.

அக்காலத்தில் நம் வீடுகளில் கறிக்கு என்ன இருந்தது? காட்டில் தானாக முளைத்த கீரைகள் இருந்தன. பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமிட்டிக்கீரை ஆகியவற்றைக் களை பறிக்கும்போதே மடியில் சேர்த்து வந்து கடைந்து, சோளச்சோற்றுக்கும் கம்மங்களிக்கும் இட்டு உண்டனர். ஒரு வகையில் பிறருடைய களையே நம் பயிர். இக்கீரைகளின் பெயரும் பருவமும் குணமும் நம் தாய்மார்க்குத் தெரிந்த அளவுக்குத் தாவரவியல் படித்தவர்க்கும் தெரியாது. இவ்வறிவை வறுமை தந்ததென்று ஒதுக்கிவிடுவது பிழை.

பண்ணையத்து ஆள் ஏன் தன் குடிசையருகே ஒரு முருங்கைக் கொம்பையாவது ஊன்றிக் கொள்ளவில்லை என்ற வினா எழலாம். இதற்கு விடை செங்கல்பட்டில் கிடைக்கிறது. அம்மாவட்டத்தின் ஆட்சியராகப் பொறுப்பு வகித்த திரமென்ஹீர் என்னும் ஆங்கில அதிகாரி, 1891ஆம் ஆண்டு அங்கிருந்த நம் மக்களின் நிலைமை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி முதலிய பாதிரிமார்களும் அதே காலத்தில் இதற்காக வாதாடினர். நிலமின்மையோடு, குடியிருக்கும் மனையும் மிராசுதாரர் கையில் இருப்பது எவ்வளவு பெரிய கட்டு என்பதை அவ்வறிக்கை வெளிப்படுத்தியது. கூலி உயர்த்திக் கேட்டாலோ, அரசிடம் தரிசு நிலத்துக்கு மனுச் செய்தாலோ, 'என் மனையை விட்டு எழுந்திரு' என்ற ஒரு சொல் போதும். எந்நேரமும் எழுப்பப்படக்கூடிய இடத்தில் மரம் வைப்பவன் யார்? வைத்த மரமும் அனுபவ பாத்தியத்துக்குச் சான்றாக நிற்கும். அதனாலேயே நிலமுடையோர் அதனை விரும்புவதில்லை. கீரைப் பாத்தி மூன்று வாரத்தில் பலன் தரும். முருங்கை ஓராண்டு கேட்கும். மாவும் தென்னையும் ஆண்டுக் கணக்கில் காத்திருக்கச் சொல்லும். நிலத்தின் மீது நிலைத்த உரிமை உடையவனுக்கே காத்திருக்கும் பயிர் வாய்க்கும்.

இது நம் நாட்டுக்கே உரிய தந்திரமும் அன்று. மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான ஜமைக்காவில் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த ஆப்பிரிக்க மக்களுக்கு, உணவுச் செலவைக் குறைக்கும் பொருட்டு, முதலாளிகள் மலைச்சரிவில் சிறு நிலங்களை விட்டுவைத்தனர். அவர்கள் அங்கே வள்ளிக்கிழங்கும் வாழையும் பயிரிட்டு, மிகுந்ததை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்று, சிறிது பணமும் சேர்த்தனர். 1838ஆம் ஆண்டு முழு விடுதலை வந்ததும், அதே குடிசைக்கும் அதே தோட்டத்துக்கும் முதலாளிகள் வாடகை விதித்தனர். வேலைக்கு வராதவரை வெளியேற்றினர். விடுதலை பெற்றோர் கூட்டம் கூட்டமாக விலகிச் சென்று, பாதிரிமார் சிலரின் உதவியோடு நிலம் வாங்கித் 'தன்னுரிமைச் சிற்றூர்'களை அமைத்தனர். செங்கல்பட்டு மிராசுதாரரும் ஜமைக்கா முதலாளியும் ஒருவரையொருவர் அறியார். கையில் இருந்த கருவி மட்டும் ஒன்றே.

திரமென்ஹீர் அறிக்கையின் பயனாக 1892ஆம் ஆண்டு சென்னை அரசாங்கம் ஆணை பிறப்பித்தது. அவ்வாணையின் வழிவந்த நிலங்களே பின்னாளில் 'பஞ்சமி நிலம்' எனப் பெயர் பெற்றன. பத்தாண்டுகளுக்கு எவர்க்கும் விற்கலாகாது, அதன் பின்னும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர்க்கன்றிப் பிறர்க்கு விற்கலாகாது என்ற நிபந்தனை அதில் இருந்தது. அதே காலத்தில்தான் இரட்டைமலை சீனிவாசனும் அயோத்திதாசப் பண்டிதரும் சங்கங்கள் நிறுவி, இதழ்கள் நடத்தி, நம் மக்களின் கோரிக்கைகளை எழுத்தில் வைத்தனர் என்பதை மறத்தல் கூடாது. ஓர் ஆங்கிலேயர் மனமிரங்கித் தந்ததென்று மட்டும் இவ்வரலாற்றைச் சொல்லுதல் நீதியன்று.

குடியிருப்பு மனைக்கென அரசு தனியே முயற்சி எடுத்தது 1920ஆம் ஆண்டை ஒட்டித்தான். அப்போது லேபர் கமிஷனர் என்ற பதவி உண்டாக்கப்பட்டு, தாழ்த்தப்பட்டோர் நலம் அவர் பொறுப்பில் விடப்பட்டது. சட்டமன்றத்தில் எம். சி. ராஜா முதலிய தலைவர்கள் இடைவிடாது வற்புறுத்தினர். தனியாரிடமிருந்து நிலம் எடுத்து மனைகளாகப் பிரித்துக் கொடுக்கும் வேலை தஞ்சை முதலிய மாவட்டங்களில் தொடங்கியது. நிலத்தின் விலையைத் தவணை தவணையாகச் செலுத்தியவர்கள் நம் மக்களே. இலவசமாகப் பெற்றோம் என்று எண்ணிக் குனிந்து நிற்கும் இளைஞர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

விடுதலைக்குப் பின் சட்டங்கள் வந்தன. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். 1961இல் குடியிருப்போரை வெளியேற்றாமல் காக்கும் சட்டம். இவை எழுப்பாதே என்றன. உன்னுடையது என்று சொல்லவில்லை. அதைச் சொன்னது 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடியிருப்பு அனுபோகதாரர் உரிமைச் சட்டம். 1971 ஜூன் 19 அன்று பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த விவசாயியும் விவசாயத் தொழிலாளியும் அக்குடியிருப்பு மனைக்கு உரிமையாளராக அச்சட்டம் வழி செய்தது. அதில் 'குடியிருப்பு' என்ற சொல்லுக்குத் தரப்பட்ட விளக்கம் நாம் ஊன்றிப் படிக்கத்தக்கது. குடிசை நிற்கும் இடம் மட்டுமன்றி, அதனை வசதியாக அனுபவிப்பதற்குத் தேவையான ஒட்டிய இடமும் அதில் அடங்கும். பல்லவர் செப்பேட்டில் பிறர்க்கு எழுதப்பட்ட மனைப்படப்பை, ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் கழித்து, வேறு சொற்களில், நம் பெயருக்கும் எழுதப்பட்டது எனலாம்.

பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் கேரளத்தில் இது இன்னும் தெளிவாகச் செய்யப்பட்டது. 1970 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத்தின்படி, குடிகிடப்புக்காரர் எனப்பட்ட குடிசைவாசிகள் ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட் வரையிலும், நகராட்சியில் 5 சென்ட் வரையிலும், பெருநகரில் 3 சென்ட் வரையிலும் பெற உரிமை பெற்றனர். பத்து சென்டில் நான்கு தென்னை, ஒரு பலா, வாழை, மிளகுக் கொடி, மரவள்ளி எல்லாம் அடங்கும். கேரளத்துக் கூலித் தொழிலாளி வீட்டைச் சுற்றிக் காணப்படும் செழிப்புக்கு மழை ஒரு காரணம். அந்தப் பத்து சென்ட் மற்றொரு காரணம். நம்மவர்கள் அங்குச் சென்று வந்து மழையை மட்டும் புகழ்வது வழக்கம்!

நம் பக்கத்தில் நாம் காலனி என்றழைக்கும் குடியிருப்புகள் பலவற்றுக்குக் காரணமானது நிலம் எடுப்புதான். 1978ஆம் ஆண்டு 31ஆம் சட்டம் தாழ்த்தப்பட்டோர் நலத் திட்டங்களுக்காக நிலம் எடுப்பதை எளிதாக்கியது. ஊர்ப்புறத்தில் ஒரு குடும்பத்துக்கு வழக்கமாக 3 சென்ட் வரை கிடைத்தது. சென்ட் ஒன்றுக்கு 435.6 சதுர அடி; மூன்று சென்ட் என்றால் 1,300 சதுர அடிக்குச் சற்று மேல். 2011இல் தொடங்கிய பசுமை வீட்டுத் திட்டத்தின் வீடு 300 சதுர அடி. வீடும் நடைபாதையும் போக எழுநூறு, எண்ணூறு சதுர அடி மண் மிஞ்சும். மாணவர்களுக்கு இக்கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியதுண்டு. அவ்வளவு மண்ணில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, இரண்டு பப்பாளி, ஒரு கொய்யா, ஒரு வாழைக் கட்டை, ஒரு பந்தல், நான்கு கீரைப் பாத்தி ஆகிய யாவும் தாராளமாய்க் கொள்ளும்.

பட்டா வந்தது, தண்ணீர் வந்ததா? பொதுக் கிணறும் பொதுச் சாலையும் யாவர்க்கும் உரியவை என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924ஆம் ஆண்டு. மகாராட்டிர மாநிலத்து மகத்தில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சவுதார் குளத்து நீரைக் கையால் அள்ளிப் பருகியது 1927 மார்ச் 20. தீர்மானத்துக்கும் குடத்துக்கும் இடையே எத்தனை தொலைவு இருந்தது என்பதை நம் முதியோர் அறிவர். ஆகவே நம் பொடக்காளிகள் பெரும்பாலும் இரண்டாம் முறை பயன்பட்ட நீரால் வளர்ந்தவை. அரிசி களைந்த நீர் கறிவேப்பிலைக்கு. பாத்திரம் கழுவிய நீர் வாழைக்கு. குளித்த நீர் முருங்கைக்கு. இன்று அறிஞர்கள் இதைச் சிக்கனம் என்று பாராட்டுகின்றனர். அவிநாசி வட்டாரத்தில் நிலத்தடி நீர் ஆயிரம் அடி ஆழத்துக்குப் போய்விட்ட காலத்தில், பல்லாண்டுக் கோரிக்கையான அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானி ஆற்றின் உபரி நீரை ஏற்றி 1,045 குளம் குட்டைகளை நிரப்புவது அதன் நோக்கம். குட்டை நிரம்பினால் அருகிலுள்ள கிணறு ஊறும். நம் குடியிருப்புகளில் பல, தாழ்வான இடத்தில், குட்டைக்கு அருகே ஒதுக்கப்பட்டவை. அன்று எவரும் வேண்டாத இடம் என்று தந்தது, இம்முறை நமக்குப் பயன்படுமாயின் வருந்துவார் யார்?

தோட்டத்தில் உள்ள செடிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. முருங்கையும் கத்தரியும் இந்நாட்டுப் பயிர்கள். மிளகாய், தக்காளி, பப்பாளி, கொய்யா, நம் அரசாணி யாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் காலத்திலும் அதன் பின்னரும் கடல் கடந்து வந்தவை. நானூறு, ஐந்நூறு ஆண்டுகளுக்குள் மிளகாய் இல்லாத சமையலே இல்லை என்றாயிற்று. வெளியிலிருந்து வந்ததை வீட்டுக்குள் ஏற்பதில் நம் சமுதாயத்துக்குச் செடிகளின் விஷயத்தில் எந்தத் தடையும் இருந்ததில்லை. அண்மைக் கால வரவு ஒன்றையும் குறிப்பிட வேண்டும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989இல் வெளியிடப்பட்ட பி.கே.எம். 1 என்ற செடிமுருங்கை, விதை போட்ட ஆறாம் மாதத்தில் காய்க்கும். ஆண்டுக்கு 200 காய்க்கு மேல் தரும். காத்திருக்கும் பயிர் என்று மேலே சொன்னேனே, அந்தக் காத்திருப்பைப் பாதியாக்கிய செடி இது. ஆயினும் பழைய மரமுருங்கையின் கீரைச் சுவை அதற்கில்லை என்பது என் வீட்டார் தீர்ப்பு.

இவ்விளைச்சல் உடலுக்கு என்ன செய்கிறது என்பதற்கு நமக்கு அருகிலேயே ஆராய்ச்சி நடந்திருக்கிறது. நீலகிரியின் குன்னூரில் மக்காரிசன் என்ற மருத்துவர் 1918இல் தொடங்கிய உணவு ஆராய்ச்சி, பின்னர்ப் பெரும் ஆய்வுக்கூடமாக வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. அதன் இயக்குநராக இருந்த அய்க்ராய்டு 1937இல் இந்திய உணவுகளின் சத்துகளை அட்டவணையாக வெளியிட்டார். முருங்கைக்கீரை, அகத்திக்கீரை போன்ற மலிவான கீரைகளே கண்ணுக்கு வேண்டிய கரோட்டின் சத்தில் முன்னணியில் நிற்பதை அத்தகைய அட்டவணைகள் காட்டின. சோறு மட்டுமே உண்டு மாலைக்கண் நோய்க்கு ஆளான குழந்தைகள் நம் தெருக்களில் இருந்தனர். அந்நோய்க்குரிய மருந்து இலவசமாக விளையும் மரம் ஒன்றுக்கு இரண்டடி மண் இல்லாதிருந்தது. கீரையைச் சிறிது எண்ணெயோடு சமைத்தால் கரோட்டின் நன்கு சேரும். எலுமிச்சையோ நெல்லியோ கொய்யாவோ உடன் உண்டால் இரும்புச் சத்து உடலில் சேரும். இளந்தாய்மார்க்கு இரத்தசோகை மிகுந்துள்ள நம் குடும்பங்களில் இதைச் செய்துவரலாம்.

மூலிகை குறித்தும் சில சொற்கள். அயோத்திதாசப் பண்டிதர் சமூகப் போராளியும் பௌத்த அறிஞரும் மட்டுமல்லர். அவர் தொழிலால் சித்த மருத்துவர். நம் சமூகத்தில் நாட்டு வைத்தியரும் மருத்துவச்சியரும் தலைமுறை தலைமுறையாக இருந்தனர். ஊரார் பகலில் ஒதுக்கிவிட்டு இரவில் மருந்துக்கு வந்தனர். தூதுவளை சளிக்கும், துளசி இருமலுக்கும், பிரண்டைத் துவையல் பசியின்மைக்கும் இன்றும் வீட்டில் பயன்படுகின்றன. தோல் பதனிட்ட அதே ஆவாரையின் பூ தேநீருக்குப் பதிலாக இன்று நகரத்துக் கடைகளில் பொட்டலமாக விற்கப்படுகிறது! ஆனால் மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி போதுமென்று வீட்டிலேயே இருந்துவிடுவதை நான் ஏற்பதில்லை. முதலில் மருத்துவமனைக்குச் சென்று இரத்தத்தைச் சோதித்துக் கொள்ள வேண்டும்.

இனி, இன்றைய நிலை. அவிநாசி 2009 முதல் திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. பனியன் கம்பெனிகள் நம் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் வாரச் சம்பளம் தருகின்றன. இதனால் பண்ணையத்துக் கட்டு அறுந்தது, அது பெரும் நன்மை. ஆனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் வீடு திரும்புவோர்க்குப் பொடக்காளியைப் பார்க்க நேரமில்லை. அதைவிடக் கவலைக்குரியது மனைப் பிரிவினை. 1980களில் ஒரு தந்தைக்குக் கிடைத்த மூன்று சென்ட், இன்று மூன்று மகன்களுக்கு ஆளுக்கு ஒரு சென்டாகப் பிரிகிறது. ஒரு சென்டில் வீடு கட்டினால் முருங்கை வெட்டப்படும். மிச்சமுள்ள இடமும் வண்டி நிறுத்தச் சிமெண்டாகும். மாடியில் சாக்குப் பைகளில் கத்தரியும் தக்காளியும் வளர்ப்போரைப் பார்க்கிறேன், பாராட்டுகிறேன். ஆனால் புதிய குடும்பங்களுக்குப் புதிய மனை கேட்பது நம் உரிமை. பிரித்துக் கொண்டது போதுமென்று இருந்துவிட்டால், தோட்டம் மட்டுமின்றி, கேட்கும் பழக்கமும் போய்விடும்.

இதற்கிடையே ஓடைப் புறம்போக்கிலும் சாலையோரத்திலும் பட்டா இன்றிக் குடியிருக்கும் குடும்பங்கள் நம் வட்டாரத்திலேயே உள்ளன. அங்கே கீரைப் பாத்தியைத் தவிர வேறெதுவும் வைப்பதில்லை. காரணம் மேலே எழுதிய காரணமே. அத்தகைய குடும்பத்தில் பிறந்து கல்லூரிவரை வந்த இளைஞர்கள் நம் சங்கத்தில் இருக்கின்றனர். அவர்களும், பட்டா உள்ள வீட்டுப் பிள்ளைகளும் ஒன்று செய்யலாம். ஒவ்வொரு வீட்டிலும் முதியவரிடம் சென்று, இந்த மனை எந்த ஆண்டு யார் பெயரில் வந்தது, அதற்கு முன் எங்கே குடியிருந்தோம், இங்கே முதல் மரத்தை யார் வைத்தார், அது என்ன மரம் என்று கேட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் நத்தம் கணக்கின் நகலையும் பெற்று ஒப்பிடட்டும். எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கின்றனர்; வரும் கோடை விடுமுறையிலேயே இதைத் தொடங்குவது நல்லது.